வாளியிலிருந்து போன தேளி

தவக்காலத்து வெள்ளிக்கிழமைகளில் எங்கள் வீட்டில் கறி கிடையாது, மீன்தான். வியாழன் சாயங்காலமே என் வீட்டுக்காரர் உயிர்த் தேளி வாங்கிவந்து குளிக்கிற வாளியில் விட்டுவிடுவார். ஈஜிபுராவில் ஒற்றை அறை வீடு. பாத்ரூமுக்கும் நாங்கள் படுக்கிற பாய்க்கும் நடுவில் ஒரே கதவு, அதுவும் அடியில் அரித்துப்போனது.

அந்த வாரம் அவருக்கு ஒரே பெருமை. தடை செய்த ஆப்பிரிக்கக் கெளுத்திக்கு முதுகுத் துடுப்பு வால்வரைக்கும் ஓடுமாம், இது நாட்டு மீனாம், துளியூண்டு துடுப்புதானாம். செதிலே இல்லாமல் வழவழவென்று கறுப்பு, வாயைச் சுற்றி எட்டு மீசை. நான் பார்த்ததெல்லாம் செவுளுக்குப் பின்னால் இரண்டு பக்கமும் நீட்டிக்கொண்டிருந்த முள்ளைத்தான். குத்தினால் தேள் கொட்டின மாதிரி பெரியவர்களே துடித்துப்போவார்கள். என் மகளோ அப்போதுதான் தவழ ஆரம்பித்திருந்தாள். கையில் கிடைத்தது எதுவானாலும் வாய்க்குப் போகும்.

சாயங்காலம் நான் எட்டிப் பார்த்தபோது மூன்று இருந்தது. பலகையால் மூடிவைத்தோம். காலையில் பலகை நகர்ந்து கிடந்தது, வாளியில் இரண்டுதான். தண்ணீர் இல்லாவிட்டாலும் அது வெகுநேரம் சாகாது, ஈரத்தில் நெளிந்தே போய்விடும் என்று அவர் எப்போதோ சொன்னது ஞாபகம் வந்தது. திரும்பினால் பாயில் குழந்தை இல்லை. அடுப்படிப் பக்கம் போய்க்கொண்டிருந்தாள். ஓடிப்போய்த் தூக்கினேன். விரலெல்லாம் பிரித்துப் பார்த்தேன். அழவில்லை, ஒன்றுமில்லை.

அவர் சிலிண்டருக்குப் பின்னால் பார்த்தார், அரிசி டிரம்மை நகர்த்தினார், செருப்பையெல்லாம் உதறினார். கடைசியில் பாத்ரூம் வாசலில் கால் துடைக்கிற ஈரச் சாக்குக்கு அடியில் கிடந்தது. குழந்தை அதை ஒட்டித்தான் தவழ்ந்து போயிருக்க வேண்டும். சாக்கோடு சுருட்டிப் பிடித்தார். எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

"கொசுறா சின்னது ஒண்ணு போட்டானே, அது இருக்கா பாரு" என்றார்.

"இதை இப்பவா சொல்றீங்க?"

குழந்தையை இறுக்கிக்கொண்டு வாசற்படிக்கு வெளியே போய் நின்றுவிட்டேன். உள்ளே மறுபடியும் எல்லாவற்றையும் நகர்த்துகிற சத்தம். அப்புறம் வாளியைக் கவிழ்க்கலாம் என்று, அடியில் முழுகிக் கிடந்த மக்கை வெளியே எடுத்தார். அதற்குள் சுருண்டு கிடந்தது, மீசை மட்டும் அசைந்தது.

தினம் காலையில் மகள் தலைக்கு நான் தண்ணீர் ஊற்றுகிற மக் அது.

"இதுக்குப் போய் தெருவுல நிக்கிறியே" என்று சிரித்தார். குழம்பு வைத்தேன், அவர் சாப்பிட்டார். எனக்கு இறங்கவில்லை. மகள் இப்போது தானே குளிக்கிறாள். முதலில் நான் போய் மக்கைக் கவிழ்த்துத் தட்டின பிறகுதான் அவளை உள்ளே விடுவேன்.