வேறு வீட்டுத் துக்கம்

என்னை அந்தக் குழுவில் சேர்த்துக்கொண்டது என் நிறத்துக்காக. அதை அவர்கள் மறைக்கவும் இல்லை.

எழுபதுகளின் கடைசி அது. சிங்கப்பூர் ஆர்ச்சர்ட் ரோட்டில் ஒரு ஹோட்டலின் அடித்தளத்தில் ஞாயிறு மதியம் ‘டீ டான்ஸ்’ நடக்கும். கடைகளில் வேலை பார்க்கும் பெண்களும் ராணுவத்தில் தேசிய சேவை செய்து லீவில் வந்த பையன்களும் ஆரஞ்சுத் தண்ணீர் குடித்துக்கொண்டு ஆடுவார்கள். அங்கே வாசித்த எங்கள் குழுவுக்குச் சொந்தப் பாட்டு என்று எதுவும் கிடையாது. அமெரிக்க ராக் குழு ஒன்றின் பாட்டுகளை ரெக்கார்டில் இருப்பது போலவே வாசிப்பதுதான் வேலை. கிட்டார், பாஸ், கீபோர்டு மூன்றும் சீனர்கள். டிரம்ஸ் ஒரு மலாய்க்காரர். அந்த அமெரிக்கக் குழுவில் சாக்ஸபோன் வாசித்தவர் கறுப்பர், உயரமான ஆள், எப்போதும் தொப்பி போட்டிருப்பார். எங்கள் கிட்டார்காரர் என்னை ஒரு மாதா கோயில் கல்யாணத்தில் பார்த்தார். விருந்தினர் சாப்பிடும்போது ஓரமாக நின்று மெதுவாக சாக்ஸபோன் வாசித்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் வந்து மேலும் கீழும் பார்த்தார். தொப்பி மட்டும் போட்டால் அப்படியே அவர்தான் என்றார்.

எனக்கு ஜூரோங்கில் தொழிற்சாலை வேலை. அங்கே முடி வளர்க்க விடமாட்டார்கள். அதனால் குட்டை முடியை மறைக்கத் தொப்பி எனக்கும் வசதியாகப் போயிற்று.

அன்றிலிருந்து அந்த அமெரிக்கரின் பெயரில் பாதி என் பெயராகிவிட்டது. குழுவில் அப்படித்தான் கூப்பிட்டார்கள், ஹோட்டல் ஆட்களும் அப்படித்தான். ஆட வந்த பெண்கள் என் தோளில் கைபோட்டுப் படம் எடுத்துக்கொண்டு அந்தப் பெயரைச் சொல்லி நன்றி சொல்வார்கள். ஆரம்பத்தில் பெருமையாகத்தான் இருந்தது.

சாக்ஸுக்கு எல்லாப் பாட்டிலும் இடம் கிடையாது. பாதி நேரம் தம்போரினைத் தட்டிக்கொண்டு நிற்பேன். என் முறை வரும்போது முன்னால் வந்து, ரெக்கார்டில் அவர் எங்கே மூச்சு எடுத்தாரோ அங்கேயே நானும் மூச்சு எடுத்து வாசித்துவிட்டுத் திரும்பிவிட வேண்டும். ஒருமுறை கடைசி அடியைக் கொஞ்சம் வேறு மாதிரி இழுத்தேன். யாரும் திட்டவில்லை. கிட்டார்காரர் மட்டும் தண்ணீர் குடிக்கும்போது, “ரெக்கார்டுல இருக்கிற மாதிரியே வாசி லா. ஆளுங்க அதுக்குத்தான் வர்றாங்க” என்றார். அன்பாகத்தான் சொன்னார்.

ஜாலான் புசார் பக்கம் ஒரு மரச்சாமான் கிடங்கில் பயிற்சி செய்வோம். முடிந்ததும் நால்வரும் வேனில் ஏறிச் சாப்பிடப் போவார்கள். எனக்கு பஸ் வேறு பக்கம் என்று முதல் நாள் நான்தான் சொன்னேன். அதன் பிறகு யாரும் கூப்பிடவில்லை. தேக்காவுக்கு நடந்து போய், வாத்தியப் பெட்டியைக் கால்களுக்கு நடுவில் வைத்துக்கொண்டு தோசை சாப்பிட்டுவிட்டு வீட்டுக்குப் போவேன்.

இப்படியே சில வருடங்கள் போயின. பிறகு அப்பா இறந்தார். நுரையீரலில் வியாதி, படுக்கையில் கிடந்தே கரைந்துபோனார். அம்மா முன்பே போய்விட்டதால் வீட்டில் அக்காவும் அத்தானும் நானும்தான். கிட்டார்காரர் வீட்டுக்கு போன் செய்தேன். அவருடைய அம்மா எடுத்தார். அவருக்கு ஹொக்கியன் சீனமும், கொஞ்சம் பாசார் மலாய் என்கிற கடைத்தெரு மலாயும்தான் தெரியும். அப்பா இறந்துவிட்டார், புக்கிட் மேரா, நாளை மத்தியானம் அடக்கம் என்று எனக்குத் தெரிந்த மலாயில் சொல்லி, எங்கள் அடுக்குமாடி புளோக் எண்ணையும் சொன்னேன். “ஆ, ஆ” என்று கேட்டுக்கொண்டார்.

புளோக்குக்குக் கீழே திறந்த தளத்தில் அப்பாவை வைத்திருந்தோம். கோயில் ஆட்கள் வந்து ஜெபமாலை சொன்னார்கள், பாட்டுப் பாடினார்கள். நான் பஸ் ஸ்டாப்பைப் பார்க்க வாட்டமாக ஒரு தூண் பக்கம் நின்றேன். என் கூட்டாளிகள் வருவார்கள் என்று அக்காவிடம் சொல்லி நாற்காலிகள் ஒதுக்கி வைத்திருந்தேன். சவ வண்டி வந்து நின்றபோது அக்கா என்னிடம் வந்து, “உன் ஆளுங்க வரலையாடா?” என்று மெதுவாகக் கேட்டாள். வேலையாக இருக்கும் என்றேன். அந்த நாற்காலிகளில் அதற்குள் யார் யாரோ உட்கார்ந்திருந்தார்கள்.

அடுத்த வாரம் பயிற்சிக்குப் போனேன். கேட்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே போனேன். கேட்க வேண்டிய தேவையும் வரவில்லை. நுழைந்ததும் டிரம்மர் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“உன் அப்பாவை நாங்கதான் தூக்கினோம்” என்றார். “தூக்க ஆள் பத்தல. உன்னை எங்க தேடியும் காணோம்.”

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அவர்களே மாற்றி மாற்றிச் சொன்னார்கள். கிட்டார்காரரின் அம்மா சொன்னதில் புளோக் எண் தவறிப்போனதாம். புக்கிட் மேராவில் வேனை ஓட்டிக்கொண்டு இந்தியர் வீட்டுத் துக்கம் எங்கே என்று தேடியிருக்கிறார்கள். ஓரிடத்தில் கண்டுபிடித்து, என் பெயரைச் சொல்லிக் கேட்டிருக்கிறார்கள், அந்த அமெரிக்கப் பெயரை. வாசலில் இருந்த பெரியவர் புரியாமல் தலையாட்டி உட்காரச் சொல்லியிருக்கிறார். கடைசியில் சொந்தக்காரர்கள் பஸ்ஸில் ஏறுவதைப் பார்த்து, நானும் அதில் இருப்பேன் என்று நினைத்துத் திரும்பிவிட்டார்களாம். கீபோர்டுக்காரர் நெற்றியைத் தேய்த்துக் காட்டி, தனக்குக்கூட வெள்ளைப் பொடி பூசிவிட்டார்கள் என்றார்.

எங்கள் வீட்டில் திருநீறு ஏது?

“அது என் அப்பா இல்ல. நாங்க கிறிஸ்டியன்” என்றேன்.

பாஸ்காரருக்குச் சிரிப்பு வந்துவிட்டது, முகத்தைத் திருப்பிக்கொண்டார். கிட்டார்காரர் கிட்டாரைக் கீழே வைத்தார். பிறகு, “உன் நிஜப் பேரு என்ன?” என்று கேட்டார்.

சொன்னேன். நால்வரும் ஒருமுறை சொல்லிப் பார்த்தார்கள். பயிற்சி தொடங்கி இரண்டாவது பாட்டு வருவதற்குள் பழைய பெயரே திரும்பிவிட்டது.

வந்த சனிக்கிழமை டிரம்மர் சொன்ன அடையாளத்தை வைத்து அந்த வீட்டைத் தேடிப் போனேன். நடந்தது தவறு என்று சொல்லிவிட்டு வரத்தான் போனேன். கதவைத் திறந்தது இறந்தவரின் மகள், என் அக்கா வயது இருக்கும். துக்கம் கேட்க வந்ததாக நினைத்து உட்காரச் சொன்னார். உங்கள் அப்பாவைத் தூக்கியவர்கள் என்னோடு வாத்தியம் வாசிப்பவர்கள் என்று ஆரம்பித்தேன். அவர் முகமே மாறிவிட்டது.

“அவங்களைத் தெரியுமா உங்களுக்கு? நாங்க யாரையுமே விசாரிக்க முடியல” என்றார். “அப்பா யார்கிட்டயும் பேச மாட்டாரு. கிடங்குல வாட்ச்மேன் வேலை, வீடு, அவ்வளவுதான். அன்னைக்குத் தூக்க ஆம்பளைங்க இல்லாம நான் என்ன பண்றதுன்னு நின்னேன். அப்பாவுக்கு இப்படிக் கூட்டாளிங்க இருந்தாங்கன்னு இப்பத்தான் எங்களுக்கே தெரியுது.”

நான் வாயைத் திறப்பதற்குள் அவரே ஒரு காரணம் கண்டுபிடித்துவிட்டார். அப்பா கிடங்கில் எந்நேரமும் ரேடியோ கேட்பாராம், அதில்தான் பழக்கம் வந்திருக்கும் என்றார். இருக்கலாம் என்றேன். உள்ளே போய்க் காப்பி போட்டுக்கொண்டு வந்தார். சுவரில் மாலை போட்ட படத்தில் அவருடைய அப்பா கொஞ்சம் கோபமாகப் பார்த்தார். எனக்கு அந்த மனிதர்மேல் பொறாமையாகக்கூட இருந்தது. காப்பியைக் குடித்துவிட்டு, அவர்களிடம் நீங்கள் விசாரித்ததாகச் சொல்கிறேன் என்று சொல்லிவிட்டு எழுந்தேன். லிப்ட் வரும்வரை அவர் வாசலிலேயே நின்றார்.

இதை டிரம்மரிடம் மட்டும்தான் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் முடிந்து ஹோட்டல் ஆட்கள் மேசைகளை ஒதுக்கிக்கொண்டிருந்தார்கள். அவர் டிரம்ஸைக் கழற்றியபடியே கேட்டார். அப்படியானால் நல்லதுதானே என்றார். கொஞ்ச நேரம் கழித்து, “அப்ப உன் அப்பாவை யாரு தூக்கினாங்க?” என்று கேட்டார்.

முன்னால் நானும் அத்தானும், பின்னால் கோயில் ஆட்கள் இரண்டு பேர் என்றேன்.

“கனமா இருந்தாரா?”

“இல்ல. லேசாத்தான் இருந்தாரு.”

அவர் தலையாட்டிவிட்டு உறைகளை மாட்டத் தொடங்கினார். அந்தக் குழுவில் என் அப்பாவைப் பற்றி ஒருவர் கேட்டது அது ஒருமுறைதான்.

அதற்குப் பிறகும் கொஞ்ச காலம் வாசித்தோம். ஹோட்டலில் ரெக்கார்டு போட்டு ஆடும் டிஸ்கோ வந்ததும் எங்களை நிறுத்திவிட்டார்கள். கிட்டார்காரர் ஆஸ்திரேலியாவில் பெர்த்துக்குக் குடியேறினார். மற்றவர்கள் கல்யாணம், வேலை என்று போனார்கள். எனக்குப் போக வேறு இடம் இல்லை. ஜூரோங்கில் அதே வேலையில் இருந்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில் அக்காவும் அத்தானும் மாலைப் பூசைக்குப் போனதும் வீடு கொஞ்சம் அடங்கியிருக்கும். அப்போது ஜன்னல்களைச் சாத்திவிட்டு, எனக்குத் தோன்றிய இடத்தில் மூச்சு எடுத்து வாசிப்பேன்.