வாசித்துக் காட்டாத பத்திரம்

சொத்துச் சட்டத் திருத்தம் எழுதும் அரசு வழக்கறிஞர் நான். இன்று பக்கத்து மேசையில் மைப்பெட்டியைத் திறந்தார்கள். அந்த வாடையில் அம்மா கைரேகை வைத்த நாள் நினைவுக்கு வந்தது.

அப்போது எனக்கு எட்டு வயது. அப்பா இறந்த மாதம், சித்தப்பா அம்மாவைப் பதிவு அலுவலகத்துக்கு அழைத்துப் போனார். "ஊட்ட உன் பேருக்கு மாத்தத்தான் அண்ணி, ரேகை வை." அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. பத்திரத்தை யாரும் வாசித்துக் காட்டவில்லை. விரல் மையை என் பாவாடையில் துடைத்தாள். அடுத்த வாரம் நூம்பல் கிராமத்தில் இருந்த எங்கள் வீட்டைச் சித்தப்பா பூட்டினார்.

"இன்னா அண்ணி, நீதான எழுதிக் குடுத்தே?"

இன்று, பத்திரத்தை வாசித்துக் காட்டிய பிறகே பதிய வேண்டும் என்று நான் எழுதிய பிரிவை மேலதிகாரி அடித்திருந்தார்.

"எதுக்கும்மா இது? நேரம்தான் வீணாகும்."

"எங்கம்மா தெருவுல நின்னாங்க சார்!" என்று கத்திவிட்டேன்.

அவர் எதிரிலேயே அதை மறுபடி எழுதினேன்.