கப்பல் கட்டிய வருடம்

அப்பாவின் சட்டையில் ரப்பர்பால் வாடை போய், டீசல் வாடையும் ஈரக்கயிற்று வாடையும் வந்த வருடம் எனக்குப் பத்து வயது. ஜாசின் பக்கத்துத் தோட்டத்தில் பால் வெட்டிக்கொண்டிருந்தவர், தெரிந்தவர் ஒருவர் சொல்லி மலாக்காவில் துறைமுக ஜெட்டி வேலைக்குச் சேர்ந்தார். தோட்டத்தில் கொடுத்திருந்த லயத்து வீட்டைக் காலி செய்துவிட்டு, ஜெட்டிக்குப் பின்னால் இருந்த தாமான் குடியிருப்புக்கு வந்தோம். எல்லாம் ஒரே மாதிரி வீடுகள். அடுப்படி ஜன்னலைத் திறந்தால் கடல். மணலும் தென்னையும் என்று நினைக்க வேண்டாம். எண்ணெய்த் தொட்டிகள், கிரேன், அதற்கு அப்பால் முறைக்குக் காத்து வரிசையாக நிற்கும் கப்பல்கள். காயப்போட்ட பள்ளிக்கூடச் சட்டை மாலையில் சாம்பல் பூத்திருக்கும். அம்மா அதை உதறி உதறி மடிப்பார்.

அப்பாவுக்குக் கயிறு பிடிக்கிற வேலை. கப்பல் ஜெட்டியை நெருங்கும்போது மேலிருந்து ஒரு மெல்லிய கயிற்றை வீசுவார்கள். அதன் நுனியில் கைமுட்டி அளவு கனமான முடிச்சு இருக்கும். தலையில் விழுந்தால் ஆள் காலி. அதைப் பிடித்து இழுத்தால் பின்னாலேயே தொடைப் பருமனில் பெரிய கயிறு வரும். சின்னதை "குட்டி" என்பார் அப்பா, பெரியதைத் "தாய்" என்பார். நாலைந்து பேர் சேர்ந்து தாயை இழுத்து இரும்புக் கட்டையில் மாட்டினால்தான் கப்பல் நிற்கும். "மாட்டைக் கட்டுற மாதிரிதான், மாடு கொஞ்சம் பெருசு" என்பார். அதற்கு மேல் அந்த வேலையைப் பற்றி அவர் பேசியதில்லை.

அம்மாவுக்கு எழுதத் தெரியாது. தோட்டத்திலேயே இருந்த தன் தம்பிக்கு, அதாவது என் மாமாவுக்கு, ஒரு கடிதம் போடச் சொன்னார். அவர் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். வீடு நன்றாக இருக்கிறது, குழாயில் தண்ணீர் வருகிறது, பிள்ளை பள்ளிக்கூடம் போகிறது. "அப்பா கப்பலைக் கட்டுறாருன்னு எழுது" என்றார். நான் "அப்பா கப்பல் கட்டுகிறார்" என்று எழுதினேன். பேச்சில் வருவதைச் சுருக்கி எழுதினால் நல்ல தமிழ் என்று எனக்கு ஒரு நினைப்பு. திரும்பப் படித்துக் காட்டியபோது அம்மாவும் தலையாட்டினார். மாமாவுக்கும் படிக்கத் தெரியாது. அங்கே அவர் மனைவி, என் அத்தைதான் படித்துச் சொல்வார்.

மூன்று வாரம் கழித்து மாமா பஸ்ஸில் வந்து இறங்கினார். ஒரு கையில் துணிப்பை. இன்னொரு கையில் மரப்பெட்டி. பெட்டிக்குள் ரம்பம், உளி, இழைப்புளி, சுத்தியல். காலையில் பால் வெட்டிவிட்டு மாலையில் லயத்துக் கதவுகளையும் கட்டில்களையும் பழுது பார்ப்பவர் அவர். சாப்பிட உட்கார்ந்ததும் அப்பாவிடம் கேட்டார்.

"மச்சான், கப்பலுக்கு என்ன மரம் போடுறாங்க? செங்கால்தானே?"

அப்பா சோற்றைப் பிசைவதை நிறுத்தினார். "எந்தக் கப்பலுக்கு?"

"நீங்க கட்டுற கப்பலுக்குத்தான். தச்சு வேலைக்கு நானும் வந்துட்டேன்."

மாமா சட்டைப் பையிலிருந்து கடிதத்தை எடுத்தார். அப்பா அதை என்னிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னார். அந்த வரியைப் படிக்கும்போதே எனக்கு விளங்கிவிட்டது. கப்பலைக் கட்டுவதற்குக் கயிறு போதும். கப்பல் கட்டுவதற்குப் பலகையும் ஆணியும் வேண்டும். ஒரு "ஐ" விட்டுப்போயிருந்தது. இரண்டாம் வேற்றுமை என்று வாத்தியார் சொல்லிக்கொடுத்தது அதற்கு அடுத்த வருடம்தான்.

தன்னுடையது மாட்டைக் கட்டுகிற மாதிரிக் கயிறு பிடிக்கிற வேலைதான் என்று மாமாவிடம் சொன்ன அப்பா, தோட்டத்து வேலையை விட்டுவிட்டா வந்தாய் என்று கேட்டார்.

"கைநாட்டு வச்சுக் குடுத்துட்டேன் மச்சான். நான் வெட்டுற மர நெரையை வேற ஆளுக்குக் குடுத்தாச்சு. மாசக் கடைசிக்குள்ள வீட்டைக் காலி பண்ணணுமாம்."

அத்தையும் இரண்டு பிள்ளைகளும் அந்த வீட்டில்தான் இருந்தார்கள். மாதக் கடைசிக்குப் பதினோரு நாள் இருந்தது. யாரும் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. மாமாதான் சிரித்தார். "பரவால்ல லா, எனக்கும் மாடு கட்டத் தெரியும்" என்றார். சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது.

மறுநாள் அப்பா அவரை ஜெட்டிக்கு அழைத்துப்போனார். கயிறு பிடிக்க ஆள் தேவையில்லை என்று ஆட்களுக்கு வேலை பிரித்துக் கொடுக்கும் மண்டோர் சொல்லிவிட்டார். அவர் ஒரு மலாய்க்காரர், நல்ல மனுஷர்தான். இருக்கிற ஆளுக்கே சில நாள் வேலையில்லை என்று கையை விரித்தார். மாமா வீட்டுக்குத் திரும்பவில்லை. கிடங்கு ஓரமாக நிழலில் நின்றார். அதற்கடுத்த நாளும் போய் நின்றார். நான் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் முதலில் மரப்பெட்டியைப் பார்ப்பேன். வாசல் மூலையில் வைத்த இடத்திலேயே இருக்கும். தோட்டத்துக்குத் திரும்பிப் போய், தோட்டத்து ஆபீஸ் கிராணியின் கையைக் காலைப் பிடித்து, உதிரி ஆளாகவாவது சேர்ந்துகொள்ளலாமா என்று மாமாவும் அம்மாவும் பேசிக்கொண்டார்கள். நான் காது கேட்காததுபோல் வீட்டுப்பாடம் எழுதினேன்.

ஐந்தாம் நாள் பெட்டி வாசலில் இல்லை.

நடந்ததை அப்பா சாயங்காலம் அம்மாவிடம் சொன்னார். கிடங்குக்குப் பின்னால், சரக்கு அடுக்குகிற மரப்பலகைச் சட்டங்கள் உடைந்து ஆள் உயரத்துக்குக் குவிந்து கிடந்தன. பெலட் என்பார்கள். மாமா யாரையும் கேட்கவில்லை. ஒன்றை இழுத்துப்போட்டு, உடைந்த பலகையைக் கழற்றி, இன்னொன்றிலிருந்து நல்ல பலகையை எடுத்து வைத்து அறைந்திருக்கிறார். வளைந்த ஆணிகளைக்கூட நிமிர்த்தித்தான் அடித்தாராம். மதியத்துக்குள் ஆறு சட்டம் ஆகிவிட்டது. மண்டோர் வந்தார். விரட்டப் போகிறார் என்று அப்பா நினைத்தார். மண்டோர் காலால் ஒன்றைத் தள்ளிப் பார்த்தார். பிறகு தடித்த ஆள் இரண்டு பேரைக் கூப்பிட்டு அதன்மேல் ஏறிக் குதிக்கச் சொன்னார். பலகை அசையவில்லை. நாளைக்கு எத்தனை முடியும் என்று கேட்டார். குவியல் தீரும்வரை என்று மாமா மலாயில் சொன்னார்.

குவியல் எங்கே தீரும்? துறைமுகத்தில் தினமும்தானே உடைகிறது.

மாதக் கடைசிக்கு இரண்டு நாள் முன்பு லோரியில் அத்தையும் பிள்ளைகளும் சாமானோடு வந்து சேர்ந்தார்கள். அத்தை இறங்கினதும் கடலைப் பார்க்கவில்லை. பள்ளிக்கூடம் எந்தப் பக்கம் என்று அம்மாவிடம் கேட்டார்.

இப்போது அந்த ஜன்னலில் கடல் தெரியாது. மண்ணைக் கொட்டிக் கடலை அந்தப் பக்கம் தள்ளிவிட்டார்கள். எங்கள் ரப்பர்த் தோட்டம் செம்பனைத் தோட்டமாகி, பிறகு வீடுகளாகிவிட்டது. லயம் இருந்த இடத்தைத் தேடிப் போனேன், அடையாளம் பிடிபடவில்லை. அப்பாவும் இல்லை, அம்மாவும் இல்லை. கடிதம் யாரும் எழுதுவதில்லை. கயிற்றை மட்டும் இன்னும் கையால்தான் பிடிக்கிறார்கள், யாரோ வேறு ஆட்கள். நான் மூன்றாம் படிவத்தோடு படிப்பை நிறுத்தி, ஆயர் குரோவில் தொழிற்சாலை வேலைக்குப் போய் இந்த வயதுக்கு வந்துவிட்டேன். மாமாவின் மகன் சொந்தமாகக் கதவு ஜன்னல் பட்டறை வைத்திருக்கிறான். மகள் துறைமுக ஆபீசில் இருக்கிறாள். அவள் மேசையிலிருந்து கப்பல் தெரியுமாம்.

போன தீபாவளிக்குப் பாச்சாங்கில் மாமா வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். என்ன தோன்றியதோ, அத்தனை வருடம் யாரும் எடுக்காத பேச்சை எடுத்தேன்.

"மாமா, அந்தக் கடுதாசில நான் ஒரு எழுத்தை விட்டுட்டேன். அதை நம்பி நீங்க வேலைய விட்டீங்க. உங்க பெட்டி வாசல்ல கெடந்த நாளெல்லாம் நான் சரியாத் தூங்கல."

மாமா ஏதோ சொல்ல வாயெடுத்தார். கறி பரிமாறிக்கொண்டிருந்த அத்தை முந்திக்கொண்டார்.

"உங்கப்பா ஒரு ஆணிய நேரா அடிச்சு நான் பாத்ததில்ல. அவராவது கப்பல் கட்டுறதாவது. புள்ள தப்பா எழுதியிருக்குன்னு படிச்சப்பவே தெரியும்."

மாமா நிமிர்ந்து பார்த்தார். "தெரிஞ்சா ஏன் சொல்லல?"

"சொன்னா கெளம்பியிருப்பீங்களா? ரெண்டு புள்ளைங்களும் பால்வாளி தூக்கிட்டிருக்கும்."

அப்போது பயமாக இல்லையா அத்தை என்று கேட்டேன். பயந்தான் என்றார்.

மாமாவுக்கு எழுபத்தாறு வயது. தட்டை அத்தை பக்கம் நீட்டினார். அத்தை இன்னொரு கரண்டி கறி வைத்தார்.