அறை மாறிப்போன மூத்தவன்

எங்கள் தியான்சின் நகரத்தில் வயிற்றில் பிறந்த முதல் பிள்ளையை மூத்தவன் என்று யாரும் கூப்பிட மாட்டார்கள். மூத்தவன் களிமண் பொம்மை. பூசாரி கண்டும் காணாமல் இருக்க, பிள்ளை வேண்டுகிறவள் கடலம்மன் கோயிலிலிருந்து அவன் கழுத்தில் சிவப்பு நூல் கட்டித் தூக்கிவருவாள். அவன் கூட்டிவரும் பிள்ளை எப்போதும் இரண்டாவதுதான்.

ருய்ஃபென் எங்கள் முற்றத்தில் எதிர் அறைக்காரி. படகுத்துறையில் மூட்டை தூக்கும் பாவ்ஷானின் மனைவி. கல்யாணமான மறு வருஷமே மூத்தவனைக் கொண்டுவந்துவிட்டாள். சாப்பாட்டு வேளையில் அவனுக்கும் ஒரு கிண்ணம் வைப்பாள். குளிருக்குப் பஞ்சு வைத்த சட்டை போடுவாள். அந்தச் சட்டையை நான் தொட்டுப் பார்த்திருக்கிறேன். உயிருள்ள பிள்ளைக்கும் அப்படியொரு தையல் கிடைக்காது. பைத்தியம் என்பார்கள் சிலர். நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

இரண்டாவதுதான் வரவில்லை. கசாயம் குடித்துக் குடித்து அவள் துணியிலேயே அந்த வாடை ஏறிவிட்டது. குழாயடியில் பெண்கள் சும்மா இருப்பார்களா?

“குடுத்து வெச்சவடி நீ! உன் மவன் அழறதுமில்ல, ஈரம் பண்றதுமில்ல.”

அவளும் சிரிப்பாள். வாளி பாதிதான் நிரம்பியிருக்கும், தூக்கிக்கொண்டு போய்விடுவாள்.

வருஷா வருஷம் பொம்மையைக் குளிப்பாட்ட, பொம்மை செய்யும் கடைக்குக் கொண்டுபோக வேண்டும். குளிப்பாட்டுவது என்றால், உடைத்து, பழைய மண்ணைப் புது மண்ணோடு பிசைந்து, ஒரு வயது கூட்டிச் செய்வது. ஒருமுறை நானும் கூடப் போனேன்.

“பையன் வளந்துட்டான். மீசை வெச்சிடட்டுமாம்மா?” என்றார் கடைக்காரர்.

“வேணாங்கய்யா. தம்பி வர்ற வரைக்கும் அவன் சின்னவனாவே இருக்கட்டும்.”

பிறகு பாவ்ஷானின் தம்பிக்குக் கல்யாணமாகி, சூச்சின் அதே முற்றத்துக்கு வந்தாள். வருஷம் திரும்புவதற்குள் ஆண் குழந்தை. பிள்ளை பிறந்து ஒரு மாதம் நிறைந்தபோது ஊருக்குக் கொடுக்கும் முட்டைகளுக்கெல்லாம் ருய்ஃபென்தான் சிவப்புச் சாயம் போட்டாள். அந்தக் கை காய்வதற்குள் மாமியார் வந்து நின்றாள்.

“மூத்தவன எடு. சூச்சின் அறைக்குப் போகட்டும்.”

“அத்தை, நான்தானே அவனக் கூட்டியாந்தேன்?”

“அவன் வந்தது இந்த வீட்டுக்கு. அறைதான் மாறிப்போச்சு. தம்பி அங்க கிடக்கான், அண்ணனுக்கு இங்க என்ன வேலை?”

பாவ்ஷான் வாசலைப் பார்த்தபடி, “குடுத்துடு. மண்ணுதானே” என்றான்.

அவளே சட்டை மாட்டி, அவளே முற்றத்தைத் தாண்டிக் கொண்டுபோனாள். பொம்மையின் கன்னத்தில் சாயம் ஒட்டியிருந்தது. ஆனால் தன் அறையில் மூன்றாவது கிண்ணம் வைப்பதை மட்டும் அவள் நிறுத்தவில்லை.

அடுத்த வசந்தத்தில் சூச்சின்தான் பொம்மையைக் கடைக்கு அனுப்பினாள். திரும்பி வந்தபோது அதற்குக் கறுப்பு அங்கி, நல்ல தடித்த மீசை.

“அக்கா, பாருங்க, நம்ம மூத்தவரு!”

பூண்டு உரித்துக்கொண்டிருந்த ருய்ஃபென் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். வெகுநேரம் பார்த்தாள்.

“யாரு இவரு?” என்றாள்.

விளையாட்டுக்குக் கேட்கிறாள் என்று சூச்சின் விழுந்து விழுந்து சிரித்தாள். ருய்ஃபென் உள்ளே போய் அந்த மூன்றாவது கிண்ணத்தை எடுத்துக் கவிழ்த்தாள். பிறகு வந்து உட்கார்ந்து, மிச்சப் பூண்டையும் உரித்தாள்.