ஒரு கிளிக்குக்கு இரண்டு புள்ளி

வாத்தின் மூக்கில் நூல் அறுந்தது. ஒரு தலையில் அறுந்தால் பரவாயில்லை. எங்கள் எம்ப்ராய்டரி மெஷினுக்குப் பன்னிரண்டு தலை, ஒரே நேரத்தில் பன்னிரண்டு படம் தைக்கும். அதில் ஏழு தலையில், ஒரே இடத்தில், ஒன்றாக அறுந்து சிவப்பு விளக்கு எரிந்தது.

பல்லடத்தில் இருக்கிறது இந்த யூனிட். குழந்தைகள் போடும் பனியனில் வாத்து, கார், பூ என்று படம் தைத்துக் கொடுப்பது தொழில். ஊசி எங்கெங்கே இறங்க வேண்டும் என்று முதலில் கம்ப்யூட்டரில் புள்ளி வைக்க வேண்டும். அதற்குப் பெயர் பஞ்சிங். மவுஸில் ஒரு கிளிக் அடித்தால் ஒரு புள்ளி. ஒரு புள்ளிக்கு ஊசி ஒருமுறை இறங்கும். பெரிய இடங்களை சாஃப்ட்வேரே நிரப்பிவிடும். மூக்கு, கண், நகம் மாதிரி சின்ன இடங்களை மட்டும் இங்கே பஞ்சிங் செய்யும் அக்கா சாஃப்ட்வேரிடம் விடமாட்டார், எல்லாம் கையால்தான். மதுக்கரையிலிருந்து கல்யாணமாகி இங்கே வந்தவர். எட்டு வருடமாக அதே நாற்காலி, அதே ஒயர் மவுஸ். பக்கத்து சிஸ்டத்தில் நான். இ.சி.இ. இன்ஜினியரிங் முடித்துவிட்டு வந்து சேர்ந்து மூன்று மாதம் ஆகியிருந்தது.

மெஷின் ஓட்டும் அண்ணன் ஊசியை மாற்றினார், நூலின் இழுப்பைத் தளர்த்திப் பார்த்தார். மறுபடியும் மூக்கிலேயே அறுந்தது.

"மெஷின் மேல தப்பில்லீங். பைல்லதான் என்னமோ கெடக்குது," என்றார்.

அக்கா வாத்தை முதலிலிருந்து பஞ்ச் செய்தார். இந்தத் தடவை மூக்கு சுத்தமாக வந்தது. வாலில் அறுந்தது. மூன்றாவது தடவை வாலும் மூக்கும் நன்றாக வந்தன, காலில் அறுந்தது.

முதலாளி வந்து மூன்று வாத்தையும் வரிசையாக வைத்துப் பார்த்தார். "சாயங்காலத்துக்குள்ள சாம்பிள் போயாவணுமுங்க அம்மிணி. ஆவலீன்னா பஞ்சிங்க வெளிய குடுத்துப்போடலாமுங்க. உங்களுக்கும் சித்த ரெஸ்ட்டாட்டம் இருக்கும்."

எங்கள் பக்கத்தில் ஒருவரை வேலையைவிட்டு நிறுத்தினாலும் இத்தனை 'ங்க' போட்டுத்தான் நிறுத்துவார்கள்.

அவர் போனதும் அக்கா மவுஸை விட்டுவிட்டு வலது கையைத் தூக்கிப் பார்த்தார். "எங்கம்மாளுக்கு நாப்பதுலயே கை நடுக்கம் வந்துபோச்சு அம்மிணி. காப்பி டம்ளரப் புடிச்சா பாதி கீழ கொட்டும். எனக்கு இப்ப முப்பத்தெட்டு."

பொய் சொல்லக் கூடாது, நானும் அவர் கையைத்தான் சந்தேகப்பட்டேன். அதை நிரூபித்துவிடலாம் என்றே, கடைசியாகக் காலில் அறுந்த பைலைத் திறந்து பெரிதாக்கிக்கொண்டே போனேன். நூல் அறுந்த இடத்தில் பார்வைக்கு ஒரு புள்ளிதான் தெரிந்தது. நகர்த்தினால் அடியில் இன்னொன்று. ஊசி அதே ஓட்டையில் இரண்டாவது முறையும் இறங்கியிருக்கிறது, நூல் முடிச்சாகி அறுந்திருக்கிறது.

ஆனால் இரண்டு புள்ளியும் மயிரிழைகூட விலகாமல் ஒன்றின் மேல் ஒன்றாக இருந்தன. நடுங்குகிற கை இவ்வளவு துல்லியமாக நடுங்காது.

புது பைல் ஒன்றைத் திறந்தேன். "அக்கா, எண்ணிட்டே பத்துத் தடவ அமுக்குங்க."

அமுக்கினார். திரையில் பதிமூன்று புள்ளி. அவர் முகம் சுருங்கியது. நான் மவுஸை வாங்கி அமுக்கினேன். பன்னிரண்டு. மெஷின் அண்ணனைக் கூப்பிட்டோம். கையைப் பேன்ட்டில் துடைத்துவிட்டு, வாய்விட்டு எண்ணிக்கொண்டே அமுக்கினார். பதினாலு.

"பத்துதானுங் அமுக்குனேன். உங்க முன்னாடிதான எண்ணுனேன்."

"அப்ப உங்குளுக்குத்தான் நடுக்கம் சாஸ்தி," என்றார் அக்கா. அன்று காலையிலிருந்து அவர் சிரித்தது அப்போதுதான்.

என் ஒயர்லெஸ் மவுஸை எடுத்து மாட்டிக் கொடுத்தேன். பிரச்சினை முடிந்தது என்று நினைத்தேன். அக்கா படத்தைப் பார்த்து யோசித்துத்தான் அடுத்த புள்ளி வைப்பார். அந்த யோசனை நேரத்தில் என் மவுஸ் பேட்டரியை மிச்சம் பிடிக்கத் தூங்கிவிடும். திரும்பி வந்து அமுக்கினால் முதல் கிளிக் காணாமல் போகும்.

"அது ஒண்ண ரெண்டாக்குது, இது ஒண்ண முழுங்குது. நல்ல ஜோடி," என்றார் அக்கா.

புது ஒயர் மவுஸ் வாங்க பஸ் ஸ்டாண்டு வரை போக வேண்டும். அதற்குள் பழசைத் திறந்து பார்த்துவிடலாம் என்று எனக்குக் கை அரித்தது. அடியில் ஒட்டியிருந்த வழுக்குப் பட்டையை உரித்தேன், ஸ்க்ரூ அதற்குள் ஒளிந்திருந்தது. உள்ளே சக்கரத்தின் அச்சில் சிவப்பு, மஞ்சள், வாடாமல்லி என்று நூல் பஞ்சு சுற்றியிருந்தது. அதை எடுத்துப் போட்டேன். இடது பட்டனுக்குக் கீழே புளியங்கொட்டை அளவில் ஒரு கறுப்புப் பெட்டி, அதுதான் சுவிட்ச், அதன் தலையில் கம்பு மணி அளவில் ஒரு வெள்ளைப் பொட்டு. அண்ணன் கொடுத்த முனை உடைந்த ஊசியால் பெட்டியின் மூடியை நெம்பினேன்.

உள்ளே ஒரு செம்புத் தகடு. அவ்வளவுதான்.

காகிதத்தைவிட மெல்லிசு. நடுவில் ஒரு நாக்கு மட்டும் வில் மாதிரி வளைந்து ஒரு கொக்கியில் முட்டிக்கொண்டு நின்றது. மேலே தொட்டால் தகடு பட்டென்று கீழே குதிக்கிறது, விட்டால் ஏறிவிடுகிறது. நாம் கேட்கும் அந்த 'டிக்' இதுதான். குதித்த தகடு நிலைக்குமுன் துள்ளும், அதனால் ஒரு அமுக்கல் இரண்டாகத் தெரியும் என்று செமஸ்டரில் எட்டு மார்க்குக்கு எழுதியிருக்கிறேன், படம்கூடப் போட்டேன். துள்ளுகிற பொருள் எது என்று ஒருநாளும் பார்த்ததில்லை. எட்டு வருடமாக இந்த யூனிட்டில் தைத்த ஒவ்வொரு கண்ணும் ஒவ்வொரு மூக்கும் இந்தத் தகடு குதித்ததால் வந்தவை. எத்தனை லட்சம் குதி என்று கணக்குப் போடப் பார்த்து விட்டுவிட்டேன். அக்காவும் அண்ணனும் இரண்டு பக்கத்திலிருந்தும் அதன்மேல் குனிந்தார்கள்.

"இத்துனூண்டா," என்றார் அண்ணன்.

நாக்கு தளர்ந்துபோயிருந்தது. கழற்றி, தொடும் முனையைக் காகிதத்தில் தேய்த்து, நாக்கை ஒரு துளி கூடுதலாக வளைத்தேன். அதுவரை சுலபம். திரும்ப மாட்டும்போதுதான் தெரிந்தது. பின்னால் ஒரு பிடியில் தகட்டைச் செருகி, அதே நேரத்தில் நாக்கைக் கொக்கியில் ஏற்ற வேண்டும். ஊசிமுனை தகட்டின்மேல் தடதடவென்று ஆடியது. மூன்று தடவை நழுவியது. நான்காவது தடவை தெறித்து மேஜை விளிம்பில் போய் நின்றது.

"குடு இப்படி," என்றார் அக்கா.

தகட்டை விரல் நுனியில் ஒட்டி எடுத்தார். ஊசியை வாங்கினார். மூச்சை நிறுத்திக்கொண்டார். ஊசியின் முனை கீழே இறங்கியது, நின்றது, நாக்கை ஒருமுறை தள்ளியது. 'டிக்'. அந்தக் கையில் அசைவென்று சொல்ல ஒன்றுமே இல்லை. அவரும் தன் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார், மவுஸை அல்ல.

மூடி போட்டு மாட்டினோம். பத்துத் தடவை அமுக்கினார். பத்துப் புள்ளி. இன்னொரு பத்து. பத்துதான்.

காலில் இருந்த இரட்டைப் புள்ளிகளை எடுத்துவிட்டு பைலை மெஷினில் ஏற்றினோம். பன்னிரண்டு வாத்தும் மூக்கு, வால், கால் என்று நிற்காமல் ஓடி முடிந்தன. முதலாளி துணியைத் திருப்பி, பின்பக்கம் விரலால் தடவி முடிச்சு தேடினார். கிடைக்கவில்லை. நல்லாயிருக்கு என்றெல்லாம் சொல்லவில்லை. சாம்பிளை மடித்துக் கையில் எடுத்துக்கொண்டு, வேறொரு படத்தை அக்காவின் மேஜையில் வைத்தார்.

"இது நாளைக்கு ஆனாப் போதுமுங்க அம்மிணி."

யானை. தும்பிக்கை நிறைய சுருக்கம். அக்கா நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார்.