மோட்டாரின் தலைக்கயிறு

ஏலக்காய் மூட்டை சுமந்து மலையேறி இறங்கியவன், பிறகு மாட்டுவண்டி ஓட்டியவன் நான். பள்ளிக்கூட வாசலை மிதிக்காமலே போடியில் பந்தய மோட்டார் கார் வாங்கிய முதல் ஆளும் நான்தான். இரண்டே பேர் உட்காரலாம். மேலே கூரை கிடையாது. எஸ்டேட் துரைமார்கூட நின்று பார்ப்பார்கள். ஆனால் மழை வரும்போலிருந்தால் அதை வெளியே எடுக்க மாட்டேன்.

ஓர் ஐப்பசியில், சிலமலைக் கிராமத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டு நானும் வீட்டுக்காரியும் திரும்பும்போது மழை பிடித்துக்கொண்டது. ஓடைச் சரிவில் மோட்டார் வழுக்கியது. பிரேக்கை மிதிக்க வேண்டிய கால் மரத்துப்போயிற்று. ஸ்டியரிங்கை இரு கையாலும் மார்போடு இழுத்து, "ஹோ! ஹோ!" என்று கத்தினேன். வருஷக்கணக்கில் மாட்டின் தலைக்கயிறு பிடித்த கை அல்லவா!

"நீங்க ஹோன்னா நிக்கிறதுக்கு அது என்ன காளையா?" என்று அவள் அலறினாள்.

மோட்டார் ஓடை மணலில் புதைந்து நின்றது. சத்தம் கேட்டு வந்த வண்டிக்காரன், "என்னண்ணே, கயிறு அந்து போச்சா?" என்று சிரித்தான். பிறகு மேற்கே பார்த்து, "தண்ணி வருது, வெரசா ஏறுங்க" என்றான்.

அவனுடைய மாட்டுவண்டியில் வீட்டுக்காரியோடு ஏறி, என் மோட்டாருக்குள் வெள்ளம் புகுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மதுரை மெக்கானிக் வந்து மோட்டாரைச் சரிசெய்துவிட்டான். என் கையைத்தான் யாராலும் சரிசெய்ய முடியவில்லை. மலையில் மேகம் கறுத்தால் இன்றும் அந்தக் கை மார்பை நோக்கித் தானாக இழுக்கிறது. கொட்டகையில் நிற்கும் மோட்டாரைத் தினமும் துடைக்கிறேன். இனி ஓட்டுவேன் என்ற நம்பிக்கை இல்லை.