ஃப்ரீஸரில் இருந்த கல்யாணம்

போன வாரம் காரிலிருந்து ஒரு தெர்மோகோல் பெட்டியை இறக்கினேன். மீன்காரர்கள் வைத்திருப்பார்களே, அந்த மாதிரி. உள்ளே ஐஸ்.

"உள்ளே மீனா, மேடம்?" என்று கேட்டேன்.

"இல்ல அண்ணே. என் கல்யாணம்" என்றார் சுசீலா மேடம்.

இங்கே திருவனந்தபுரத்தில் மியூசியக்காரர்களுக்கு அவ்வப்போது பயிற்சி வகுப்பு நடக்கும். நாற்காலி போடுவதும் மைக் வைப்பதும் தண்ணீர் கொண்டு வருவதும் என் வேலை. ஐந்தாம் வகுப்போடு நின்றவன். கூட்டத்தில் வாய் திறக்கக் கூச்சம். ஆனால் சுவரோரம் நிற்பவன் காதில் எல்லாம் விழுந்துவிடும், இல்லையா?

இந்த முறை பாடம் — வெள்ளத்தில் நனைந்த பொருட்களைக் காப்பாற்றுவது. நடத்தியவர் சுசீலா மேடம். பழம்பொருள் பாதுகாப்பில் கை தேர்ந்தவர். பிறந்தது நாஞ்சில் நாடு. இங்கேயே இருந்து இருந்து பேச்சில் மலையாளம் கலந்துவிட்டது.

நனைந்த ஆல்பத்தை உடனே பிரிக்க முடியாவிட்டால் ஃப்ரீஸரில் வைத்துவிட வேண்டுமாம். பூஞ்சை பிடிக்காது, அவகாசம் கிடைக்கும். பிறகு குளிர்ந்த தண்ணீரில் போட்டு, ஒட்டிய படங்களை மெல்லப் பிரிக்கலாம்.

சில வருடங்களுக்கு முன் பெய்த பெருமழையில், மேடம் மியூசியத்துப் பெட்டிகளை மாடிக்கு ஏற்றிக்கொண்டிருந்தார். அதே நேரம் அவர் வீட்டுக்குள் தண்ணீர் புகுந்தது. கல்யாண ஆல்பம் நனைந்தது. கணவர் அதற்கு முன்பே காலமாகிவிட்டார். மொபைலில் மிச்சமிருப்பவை கணவர் நோயில் படுக்கையில் கிடந்த நாட்களின் படங்கள் மட்டும்.

ஆல்பத்தை ஃப்ரீஸரில் வைத்தார். அங்கேயே விட்டுவிட்டார்.

"ஊராரோடதெல்லாம் பிரிச்சாச்சு. இதுக்கு மட்டும் கை போகல அண்ணே. உள்ள நல்லாத்தான் இருக்கும்னு நெனச்சுக்கிட்டே இருந்துட்டேன். கரண்ட் போனா மட்டும் நெஞ்சு அடிக்கும்."

இப்போது ஃப்ரிட்ஜ் பழுது. இனி தள்ளிப்போட வழியில்லை; வகுப்பிலேயே பிரித்துவிட எடுத்து வந்திருந்தார்.

"என்னோடதுன்னு சொல்லாண்டாம், கேட்டோ. தெரிஞ்சா பயந்து தொடமாட்டாங்க."

தலையாட்டினேன்.

ஆல்பம் தண்ணீர்த் தட்டில் இறங்கியது. சுற்றிலும் பயிற்சிக்கு வந்தவர்கள்; யாரோ தூக்கிப்போட்ட பழைய ஆல்பம் என்று நினைத்திருந்தார்கள். முதலில் கை வைத்தவர் முருகேசன் — திருநெல்வேலிப் பக்கத்து மியூசியம் ஒன்றில் வேலை பார்ப்பவர். நல்ல கலகலப்பான ஆள்.

"ஏ, மாப்பிள்ள மீசையப் பாத்தியளா! கம்பளிப்பூச்சி ரெண்டு படுத்துக் கெடக்கு!"

எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு மேடம் முகத்தைப் பார்க்கவே பயம்.

"மீசை கெடக்கட்டும். கைய நோக்குங்க, முருகேசன்" என்றார் அவர். குரலில் ஒன்றும் தெரியவில்லை.

அடுத்த படத்தைப் பிரித்தபோது மாப்பிள்ளையின் முகம் கொழகொழவென்று கரைந்து, எதிர்ப் பக்கத்தோடு போய்விட்டது. மாலை இருந்தது, சட்டை இருந்தது… முகம் இல்லை.

"போச்சு. பரவால்ல, டம்மி தான?" என்றார் முருகேசன்.

மேடம் அடுத்த பக்கத்தைக் காட்டினார். தாலி கட்டும் படம் போனது. இருவரும் சேர்ந்து நின்ற படம் — அதுவும் போனது. சொல்லிவிடலாமா என்று ஒரு அடி முன்னால் வைத்தேன். சொல்லவில்லை. சொல்லாதே என்றவரே நிற்கிறாரே!

பிறகு பெண் மட்டும் தனியே நிற்கும் படம் ஒன்று முழுசாக வந்தது. முருகேசன் அதைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார். மேடத்தைப் பார்த்தார். மறுபடியும் படத்தைப் பார்த்தார்.

எல்லோரும் மேடத்தின் பக்கம் திரும்பினார்கள்.

"மேடம்… மன்னிச்சிருங்க. மீசைய வேற…"

"அந்த மீசையக் கேலி பண்ணாதவங்க எங்க வீட்லயே கிடையாது. கைய எடுக்காதீங்க. ஐஸ் உருகியாச்சு, இனி நிறுத்த ஒக்காது."

ஆனால் முருகேசன் அடுத்த பக்கத்தைத் தொடவில்லை. அதுவரை கை கட்டி நின்ற மேடம் வளையலைக் கழற்றி மேஜையில் வைத்தார். தண்ணீருக்குள் கையை விட்டார். கடைசிப் பக்கத்தை அவரே பிரித்தார். முருகேசன் விளிம்பை மட்டும் பிடித்துக்கொண்டார். சிரித்தவர்கள் எல்லோரும் தட்டை நெருங்கி நின்றார்கள்.

படம் விட்டு வந்தது. கல்யாணப் பந்தி. இலைக்கு முன்னால் மாப்பிள்ளை, கன்னம் உப்ப வாய் நிறையச் சோறு, மீசை நுனியில் ஒரு பருக்கை. கண்ணும் மூக்கும் அப்படியே இருந்தன.

மேடம் அதைக் காயவைக்கும் துணிமேல் நிமிர்த்தி வைத்தார்.

"அசிங்கமா இருக்கு, கிழிச்சுப் போடுன்னு சாகுற வரைக்கும் சொன்னார்" என்றார். "நான் கேக்கல."

கணவர் சொன்னதைக் கேட்காமலிருப்பதும் ஒரு பாதுகாப்பு முறைதான் — எந்தப் பயிற்சி வகுப்பிலும் அதைச் சொல்லித் தருவதில்லை.